பொருந்தாப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வழக்கம். போட்ஸ்வானாவில் சஃபாரி ஏற்பாடு செய்பவர்கள் அதே ஜாதகக் கட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஒரு முகாம் தண்ணீருக்கு நடுவில் இருந்தால், அடுத்தது தண்ணீர் வற்றிப் பல்லாயிரம் வருஷமான இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் படகு என்றால் மற்றதில் புழுதி. ஒன்றில் பத்தடிக்கு ஒரு பறவை என்றால் மற்றதில் பத்து மைலுக்கு ஒரு புதர். எந்தக் கட்டமும் எந்தக் கட்டத்தோடும் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகுதான், "பிரமாதமான ஜோடி" என்று சொல்லி முன்பணம் கேட்பார்கள்.

மச்சான் ஊரிலிருந்து வராமல் இருந்திருந்தால் இந்த ரகசியம் எனக்குத் தெரிந்திருக்காது. நான் கேபரோனில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்த நாட்டில் எங்களைப் போல் கணக்கெழுத வந்த இந்தியர்கள் கணிசமாக உண்டு. அடுத்தவர் செலவைச் சரிபார்ப்பது எங்கள் தொழில். சொந்தச் செலவைத் தள்ளிப்போடுவது எங்கள் சுபாவம். என் மனைவியின் அண்ணன் வேறு வார்ப்பு. திருப்பூரில் பனியனும் ஜட்டியும் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். ஆர்டர் பெரிதாக வந்தால் செலவும் பெரிதாகச் செய்வார். "ஏனுங்க மாப்பிள்ளை, ஆப்பிரிக்காவுல இத்தனை வருஷமா இருக்கீங்க, ஒரு சிங்கத்தைக் கண்ணுல காட்டினீங்களா?" என்று போனில் கேட்டார். கேபரோனில் நான் பார்த்த ஒரே சிங்கம் பீர் பாட்டில் மேல் இருந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

எனவே மவுன் ஊரில் இருக்கும் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பேசினேன். மவுன்தான் ஒகவாங்கோ டெல்டாவின் வாசல். அந்த அம்மாள் முதலில் கேட்டது பட்ஜெட்டை அல்ல. "தண்ணீர் முகாமா, தரை முகாமா?" என்றார். மச்சான், "ரெண்டும்" என்றார். என் மனைவி, "பறவை இருக்கிற முகாம்" என்றாள். நான், "உள்ளூர்வாசிக் கட்டணம் உள்ள முகாம்" என்றேன். அம்மாள் எங்கள் மூவரையும் ஒரே நொடியில் எடை போட்டுவிட்டு, ஜூலை மாதம், ஒகவாங்கோவில் தண்ணீர், மக்கடிக்கடி என்னும் வறண்ட வெளியில் உப்பு என்று முடிவு சொல்லிவிட்டார்.

ஜூலை என்றதும் மச்சான் சந்தேகப்பட்டார். அது இங்கே குளிர்காலம், மழையே கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வரும்? இங்கேதான் ஒகவாங்கோவின் வேடிக்கை. மழை பெய்வது அங்கோலாவின் மேட்டு நிலத்தில், வருஷத் தொடக்கத்தில். அந்தத் தண்ணீர் நமீபியாவின் ஒரு துண்டைக் குறுக்கே கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து, கிட்டத்தட்டத் தட்டையான மணல் தரையில் நாணலையும் கோரையையும் விலக்கி விலக்கி ஊர்ந்து, மவுன் பக்கம் வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடும். ஆகவே சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது டெல்டாவில் வெள்ளம். கடலைப் பார்க்காத ஆறு இது. வந்த தண்ணீரில் பெரும்பகுதி வெயிலுக்கும் செடிக்கும் போய்விடும். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சரியாக 1,000-ஆவது இடமாகச் சேர்ந்தது. ஒரு கணக்காளனுக்கு இதைவிட மனநிறைவு தரும் எண் கிடைக்காது.

மனநிறைவு அத்தோடு முடிந்தது. அடுத்து விலைப்பட்டியல் வந்தது. அதிகக் கூட்டம் வேண்டாம், வருகிற சிலரிடம் அதிகம் வாங்கினால் போதும் என்பது 1990-லிருந்தே இந்த நாட்டின் சுற்றுலாக் கொள்கை. காட்டுக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது. மச்சானுக்கு எப்படி என்பதுதான் கேள்வி. நல்ல முகாம்களில், சீசன் நேரத்தில், ஓர் ஆளுக்கு ஓர் இரவு 1,000 டாலரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். பேர்பெற்ற இடங்களில் 2,000-ஐயும் தாண்டும். இந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்குச் சில முகாம்கள் நல்ல தள்ளுபடி தருகின்றன. எனக்கும் என் மனைவிக்கும் அது கிடைத்தது. மச்சானுக்குக் கிடைக்கவில்லை. "ஒரே கூடாரம், ஒரே சோறு, ரெண்டு விலையா?" என்று கேட்டார். ஏற்றுமதிக்கு ஒரு விலை, உள்ளூருக்கு ஒரு விலை வைத்து விற்கும் தொழிலில் இருப்பவர் அவர். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எதை முதலில் பார்ப்பது என்பதில் அடுத்த பேச்சு. அனுபவசாலிகள் பாலைவனத்தை முதலில் முடிக்கச் சொல்வார்கள். மிருகம் குறைவான இடத்தை முதலில் பார்த்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் லாபமாகத் தெரியுமாம். மச்சான் கேட்கவில்லை. "நல்லதை முதல்ல பாத்துருவோமுங்க. சிங்கத்தைப் பாத்துட்டா அப்புறம் உப்பைப் பாத்தா என்ன, புளியைப் பாத்தா என்ன?" என்றார். ஆகவே தண்ணீர் முதலில்.

முதல் சோதனை மவுன் விமான நிலையத்தில். முகாம்களுக்குச் சாலை கிடையாது, அல்லது இருந்தும் பயனில்லை. சின்ன செஸ்னா விமானத்தில்தான் போக வேண்டும். ஆளுக்கு 20 கிலோ, கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து. பையில் சக்கரம் இருக்கக் கூடாது, சட்டம் இருக்கக் கூடாது, அழுத்தினால் அமுங்க வேண்டும். மச்சான் கொண்டு வந்ததோ கோட்டைக் கதவு மாதிரி ஒரு பெட்டி. எத்தனை அழுத்தியும் அது அமுங்க மறுத்தது, மச்சானும் மறுத்தார். கடைசியில் பெட்டி மவுனிலேயே தங்கியது. அதற்குள் இருந்ததில் தேறியது ஒரு துணிப்பைக்குள் போயிற்று. நீலமும் கறுப்பும் வேண்டாம், ராணுவப் புள்ளி போட்ட துணி கூடவே கூடாது, மண் நிறம் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே மச்சான் தன் மில்லிலேயே தலை முதல் கால் வரை மண் நிறத்தில் தைத்துக்கொண்டு வந்திருந்தார். தரையில் உட்கார்ந்தால் அவரைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது சோதனை எடை. சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை விமானி எடையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். மச்சான் ஓர் எண் சொன்னார். என் மனைவி, "அண்ணா, இது சம்பந்தம் பேசறப்ப சொன்ன வெயிட்டு" என்றாள். விமானி பேசாமல் அவரை நடுவில் உட்காரவைத்தார். கீழே மணலும் முள்மரமுமாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று பச்சைக்கும் நீலத்துக்கும் மாறியது. எண்ணற்ற சின்னச் சின்னத் தீவுகள். அவற்றில் பல, கறையான் புற்றில் தொடங்கியவை. புற்று மேடாகும், மேட்டில் பறவை உட்காரும், பறவை போட்ட விதை மரமாகும், மரத்தைச் சுற்றி மண் சேரும். கறையான் கட்டிய மனையில்தான் எங்கள் முகாமும் நின்றது. இறங்குவதற்கு முன் ஒரு ஜீப் ஓடுபாதையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி மான்களை விரட்டிவிட்டது. மச்சானுக்கு மகிழ்ச்சி. "மிருகமுங்க!" என்றார், இன்னும் பெல்ட்டைக் கழற்றாமலேயே.

முகாமில் எங்களை வரவேற்றவர்கள் "டுமெலா ரா, டுமெலா மா" என்று, அதாவது ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம் சொல்லி, பாடி ஆடினார்கள். ஈரத்துண்டு தந்தார்கள், அதில் ஏதோ மூலிகை வாசம். இனிப்பான பானம் தந்தார்கள். பிறகு ஒரு படிவம் தந்தார்கள். மிருகங்களால் எனக்கோ என் உடைமைக்கோ உயிருக்கோ எது நேர்ந்தாலும் முகாம் பொறுப்பாகாது என்று இரண்டு பக்கம். அங்கு வருகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. பானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நான் முழுவதும் படித்தேன். படித்துவிட்டுப் போட்டேன். வேறு என்ன செய்வது, விமானம் போய்விட்டது.

கூடாரம் என்று பேர். எங்கள் கேபரோன் வீட்டின் வரவேற்பறையும் படுக்கையறையும் சேர்ந்தால் அவ்வளவு இருக்கும். வெளியே ஒரு குளியல், உள்ளே ஒரு குளியல், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு தொட்டி. வேலி மட்டும் இல்லை. இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது, ஆள் வந்து கூட்டிப் போவார். எந்த மிருகத்தைப் பார்த்தாலும் ஓடக் கூடாது. ஆபத்தென்றால் மேஜை மேல் இருக்கும் காற்று ஊதலை ஊத வேண்டும். மச்சான் விவரம் கேட்டார்: யானை வந்தால் ஊதலாமா? "வரும், போகும், ஊத வேண்டாம்." நீர்யானை வந்தால்? "அதுவும் வரும், போகும்." அப்படியானால் எப்போதுதான் ஊதுவது? வழிகாட்டி சற்று யோசித்தார். "உள்ளே வந்தால்" என்றார்.

மேஜை மேல் ஊதலுக்குப் பக்கத்தில் ஒரு கூடையும் ஓர் அட்டையும் இருந்தன. துணிகளைத் தினமும் துவைத்து, இஸ்திரி போட்டுத் தருவோம், கட்டணம் இல்லை. உள்ளாடைகளை மட்டும் எடுப்பதில்லை, மன்னிக்கவும், அவற்றுக்காகக் குளியலறையில் சோப்புத் தூள் வைத்திருக்கிறோம் என்று அட்டை சொன்னது. இந்தப் பக்கத்து முகாம்களில் இது சகஜம். அடுத்தவர் உள்ளாடையைத் துவைப்பது உள்ளூர் வழக்கத்தில் முறையில்லை. எல்லாரும் படித்துவிட்டுத் தலையசைக்கும் விஷயம். மச்சான் தலையசைக்கவில்லை. முப்பது வருஷமாக அதைத்தான் அவர் தைக்கிறார். அட்டையை எடுத்துக்கொண்டு என் கூடாரத்துக்கு வந்துவிட்டார். "மாப்பிள்ளை, சட்டைய எடுப்பாங்களாம், பேன்ட்ட எடுப்பாங்களாம், என் சரக்கை மட்டும் தொட மாட்டாங்களாமா?" என்றார். அன்று சாயங்காலம், ஒரு நாளைக்குப் பல்லாயிரம் ஜட்டி ஏற்றுமதி செய்யும் ஒருவர், ஆப்பிரிக்காவின் நடுவில், மீன்கழுகு கூவுவதைக் கேட்டபடி, தன் ஜட்டியைத் தானே துவைத்தார். தையல் நன்றாக நிற்கிறது என்று திருப்தியோடு சொன்னார்.

தண்ணீர் முகாமில் ஓடுபாதையைத் தாண்டினால் வண்டி கிடையாது. வெள்ளம் ஏறிய மாதங்களில் வண்டி ஓட்டத் தரையே இருக்காது. மொகோரோவில்தான் போக வேண்டும். முன்பெல்லாம் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஓடம். இப்போது மரத்தைக் காப்பாற்ற ஃபைபர்கிளாஸில் செய்கிறார்கள். பின்னால் ஒருவர் நின்றபடி நீளக் கழியால் தள்ளுவார். நாம் தண்ணீர் மட்டத்துக்கு ஓரிரு விரல் மேலே உட்கார்ந்திருப்போம். கண்ணுக்கு நேரே அல்லிப்பூ. அல்லி இலை மேல் இலைக்கோழி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறது. என் மனைவி மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடக்காரர் கழியை ஊன்றி நிறுத்தி, ஒரு நாணல் தண்டைக் காட்டினார். அதில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு தவளை, உடம்பெல்லாம் கோலம். அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்: அதன் தோல், அதன் குரல், வெயிலில் அது வெளுப்பது.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு எண்களில் புரிந்தது. அன்றைய கட்டணத்தைப் பார்த்த மிருகங்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். தவளை ஒன்று, நியாயமாகப் பார்த்தால், ஒரு நல்ல ஜெர்மன் தையல் மெஷினின் பாதி விலை. நீர்யானை இருந்தால் கணக்குக் குறையும். ஆனால் நீர்யானை இருக்கும் ஆழமான பக்கம் ஓடத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் ஓடக்காரரின் திறமையே. மச்சானுக்கு இந்தத் திறமை பிடிக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்குக் கூட்டிப் போக வந்த ஆள் வாசலோடு நின்றுவிட்டார். மரப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு யானை பனைமரத்தை உலுக்கிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. அது முடிக்கும்வரை யாரும் நகர முடியாது. இந்த நாட்டில் சுமார் 1,30,000 யானைகள் உண்டு, உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அத்தனையில் ஒன்று சரியாக எங்களுக்கும் சோற்றுக்கும் நடுவில் நின்றது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து மச்சானின் குரல்: "மாப்பிள்ளை, ஊதட்டுங்களா?" அது சாப்பிட்ட பிறகு நாங்கள் சாப்பிட்டோம். சமையல்காரர் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அன்றைய பட்டியலை அறிவித்தார். முதலில் பட்டர்நட் பூசணி சூப். என் மனைவி சைவம் என்பதால் அதற்குப் பிறகு அவளுக்கு வறுத்த பட்டர்நட். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சைவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டர்நட் தேடி வந்துவிடும்.

நள்ளிரவில் சிங்கம் கர்ஜித்தது. எட்டுக் கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும் குரல். காலையில் மச்சான், "கேட்டுது மாப்பிள்ளை, ரொம்பப் பக்கத்துல" என்றார். வழிகாட்டி, "அடுத்த தீவில்" என்றார். நடுவில் தண்ணீர். கொஞ்ச தூரத்தில் இருக்கும் மோரேமி காப்பகத்தில் வண்டிகளும் சிங்கமும் உண்டு. 1963-ல் பட்டவானா மக்கள், காலஞ்சென்ற தலைவரின் மனைவி தலைமையில், தங்கள் வேட்டை நிலத்தைத் தாங்களே ஒதுக்கிக் கொடுத்து உண்டாக்கியது அது. ஆனால் எங்கள் ஜாதகத்தில் அது எழுதப்படவில்லை. மச்சான் பொறுமையாக இருந்தார். புறப்படும்போது முகாமில் தந்த கருத்துப் படிவத்தில், "என்ன சேர்க்கலாம்?" என்ற கேள்விக்கு எதிரே, ஒரே வார்த்தை எழுதினார்: சிங்கம்.

மறுபடி செஸ்னா. பச்சை தீர்ந்தது. மஞ்சள் புல் வந்தது. புல்லும் தீர்ந்தது. அதற்கப்புறம் வெள்ளை. மக்கடிக்கடி ஒரு காலத்தில் பெரிய ஏரி. தண்ணீர் போய் உப்பு மட்டும் மிஞ்சியது. மச்சான் ஜன்னலில் முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இதுக்கு எவ்வளவுங்க மாப்பிள்ளை?" என்றார். சொன்னேன். "அங்க?" அதையும் சொன்னேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "அங்கயாவது தவளை இருந்துது" என்றார்.

இந்த முகாம் 1940-களின் பாணி. கம்பளம், பித்தளை விளக்கு, நான்கு தூண் கட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டை ஓடுகளும் புதைபடிவங்களும். வரவேற்பு: பாட்டு, ஆட்டம், ஈரத்துண்டு. அதே மூலிகை வாசம். படிவம்: அதே இரண்டு பக்கம். மேஜை மேல் கூடையும் அட்டையும்: அதே சோப்புத் தூள். இரவு சமையல்காரர் வந்து நின்று, கை கட்டிக்கொண்டு, முதலில் பட்டர்நட் சூப் என்று அறிவித்தபோது எனக்குள் இருந்த தணிக்கையாளன் விழித்துக்கொண்டான். எதிரெதிர் முகாம்கள் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மெத்தை ஒன்று, போர்வை ஒன்று, தேநீர் ஒன்று, சூப் ஒன்று. வசதி என்று எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் இரண்டு ரசீதிலும் அச்சு அசலாக ஒத்துப்போயிற்று. பிறகு எதற்கு விமானம்?

மறுநாள் விடியலில் விடை கிடைக்கத் தொடங்கியது. குளிர் பூஜ்யத்தை நெருங்கியிருந்தது. திறந்த ஜீப்பில் மடியில் வெந்நீர்ப் பையும் மேலே கம்பளியுமாகப் போய், ஒரு வளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். சூரியன் ஏறியதும் மீர்கேட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வயிற்றை வெயிலுக்குக் காட்டி நின்றன. ஒரு கிலோகூட இல்லாத உயிர்கள். இவை மனிதர்களைப் பார்த்துப் பழகியவை, ஆனால் வளர்ப்பு மிருகங்கள் அல்ல. தொடக் கூடாது, தீனி போடக் கூடாது. கூட்டம் தரையைக் கிளறித் தின்னும்போது ஒன்று மட்டும் உயரமான இடத்தில் நின்று கழுகு வருகிறதா என்று காவல் பார்க்கும். அந்தச் சமவெளியில் உயரமான இடம் என்று கிடைப்பது புற்று, புதர், அல்லது மனிதன். எங்கள் மூவரில் அகலமாகவும் உறுதியாகவும் மண் நிறத்திலும் இருந்தவர் ஒருவர்தான்.

அது முதலில் மச்சானின் முழங்காலில் ஏறியது. பிறகு வயிற்றில் சற்று நின்று யோசித்தது. அங்கே நிற்க இடம் தாராளமாக இருந்தது. பிறகு தோள். பிறகு தலை. தொப்பி மேல் முன்னங்கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று வானத்தைத் துழாவியது. வழிகாட்டி, "அசையாதீர்கள், ரா" என்றார் மெதுவாக. அசைவதா? திருப்பூரில் ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத மனிதர் சிலையாகிவிட்டார். கண் மட்டும் என்னைத் தேடியது. "மாப்பிள்ளை, இன்னும் நிக்குதுங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டார். "நிக்குது மச்சான்." "கழுகு வருதுங்களா?" "வரலை." "வந்தா சொல்லுங்க. நான்தான் பொறுப்பு." கீழே மற்றவை நிம்மதியாகத் தேள் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. மீர்கேட்டுகள் குட்டிகளுக்குத் தேள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் விதத்தை ஆராய்ந்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள்: முதலில் செத்த தேள், பிறகு கொடுக்கைப் பிடுங்கியது, கடைசியில்தான் முழு உயிரோடு. வழிகாட்டி இதைச் சொல்லி முடித்தபோதும் மச்சான் பணியில் இருந்தார். சிங்கத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சாயங்காலம் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களில் உப்புத் தரைக்குள் போனோம். ஒருவர் தடத்தில்தான் அடுத்தவர் ஓட்ட வேண்டும், விலகக் கூடாது. அங்கே ஒரு சக்கரத் தடம் விழுந்தால் பல வருஷம் அழியாதாம். வெகுதூரம் போன பிறகு வழிகாட்டி இன்ஜினை அணைக்கச் சொன்னார். ஆளாளுக்கு ஒரு திசையில் நடந்துபோய்த் தரையில் படுத்துக்கொள்ளுங்கள், பேசாதீர்கள் என்றார். படுத்தோம். காற்று இல்லை, பூச்சி இல்லை, சத்தம் என்று ஒன்றுமே இல்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது எனக்குக் கேட்டது. இதற்கு இன்று என்ன செலவு என்று வகுக்கப் பார்த்தேன். வகுக்கும் எண் பூஜ்யமாக இருந்ததால் கணக்கு வரவில்லை. அப்போது வடமேற்கிலிருந்து தெளிவாக ஒரு குறட்டை கேட்டது. நாட்டிலேயே அமைதியான இடத்தில் மச்சான் தூங்கிவிட்டார். அரை மைல் தள்ளிப் படுத்திருந்த ஸ்வீடன் தம்பதி பயந்து எழுந்தார்கள்.

அடுத்த நாள் சான் மக்களில் ஒரு குடும்பத்தோடு நடந்தோம். இந்த நிலம் அவர்களுக்குப் புதிதல்ல. நாடுகளும் வேலிகளும்தான் புதிது. மத்தியக் கலஹாரியில் அவர்களை அரசாங்கமே வெளியேற்றி, அவர்கள் வழக்குப் போட்டு, 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்ன கதையும் உண்டு. இதை வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பாட்டி ஒன்றுமில்லாத தரையில் ஒரு காய்ந்த கொடியைப் பார்த்து நின்று, குச்சியால் தோண்டி, குழந்தைத் தலை அளவு ஒரு கிழங்கை எடுத்தார். சீவி, கையில் பிழிந்தார், தண்ணீர் சொட்டியது. மச்சானிடம் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், கசப்பு. பாட்டி அவர் வயிற்றைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வழிகாட்டி மொழிபெயர்க்கத் தயங்கினார், மச்சான் விடவில்லை. "இவருக்கு வறட்சி வந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்." மச்சான்தான் அதிகம் சிரித்தார். கிழங்கை எடுத்த குழியைப் பாட்டி கவனமாக மூடி, கொடியின் மிச்சத்தை மண்ணுக்குள் திரும்ப வைத்தார்.

அந்தக் குழியைப் பார்த்தபோதுதான் என் தணிக்கை அறிக்கை முழுமையானது. இரண்டு முகாம்களிலும் இருந்தவை ஒன்றே. இல்லாதவைதான் வேறு. டெல்டாவில் தரை இல்லை, வண்டி இல்லை, நடந்தால் நாலடியில் யானை, சிங்கம் எதிர்க்கரையில். உப்புவெளியில் தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, மிருகம்கூட அதிகம் இல்லை. மெத்தையும் சூப்பும் எங்கே வேண்டுமானாலும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கிவிடலாம், அதனால்தான் அவை எங்கும் ஒரே மாதிரி இருக்கின்றன. கொண்டுவர முடியாதது ஒன்றே ஒன்று: அந்த இடம் நமக்கு எதை மறுக்கிறதோ, அது. நாங்கள் டாலரில் கொடுத்தது மெத்தைக்கு அல்ல, இரண்டு விதமான இல்லாமைக்கு. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் மெத்தை. பாட்டிக்கு மெத்தை தேவைப்படவில்லை, கொடியைத் தெரிந்தால் போதும். எங்களுக்குக் கொடியைத் தெரியாது, ஆகவே மெத்தை. இந்தக் கணக்கை ஏற்பாட்டாளர் அம்மாள் முதல் நாளே போட்டுவிட்டார். ஜாதகம் பார்ப்பதாகச் சொன்னதெல்லாம் எங்களுக்காக.

இதை இரவு தீ மூட்டிய இடத்தில் விளக்கிச் சொன்னேன். என் மனைவி, "இதைத்தான் நான் தவளையைப் பாத்தப்பவே நினைச்சேன்" என்றாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்துவிடும். மச்சான் நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "வேலை குறைவா இருக்குற சரக்குக்குத்தான் விலை அதிகமுங்க மாப்பிள்ளை. உள்ளாடையிலயும் அப்படித்தான்" என்றார். முப்பது வருஷத் தொழிலில் அவர் கண்டதைக் கணக்கியலால் அதற்கு மேல் எடுத்துச்சொல்ல முடியாது.

புறப்படும் காலையில் இங்கேயும் கருத்துப் படிவம் வந்தது. வரவேற்பு, உணவு, வழிகாட்டி என்று எல்லாவற்றுக்கும் மச்சான் முழு மதிப்பெண் போட்டார். "எதைச் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்?" என்ற கேள்விக்கு வந்தார். அங்கே சிங்கம் என்று எழுதுவார் என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒன்றையும் சேர்த்துவிடாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதினார். கோடு போட்டார். என்னிடம் கொடுத்து, "கணக்குப் பிள்ளை சரிபாருங்க" என்றார். நான் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் கூடையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், சற்று யோசித்துவிட்டு, படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: சோப்புத் தூளுக்குப் பதிலாகச் சோப்புக் கட்டி வைத்தால் எலாஸ்டிக் நீடித்து உழைக்கும்.